தம்பியின் மோட்டரும் மாப்பிள்ளையின் காலும்

என் தம்பி சாப்பாட்டு மேசைமேல் கைப்பேசியை வைத்து, ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனான். பக்கத்தில் தோசை ஆறிக்கொண்டிருந்தது. படத்தில் இருந்தது அவனுடைய மோட்டர்சைக்கிளின் கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்புகிற, உள்ளங்கை அகல அலுமினியச் சாமான். அதன் ஓரத்தில் ஏதோ எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன.

"இதப் பாருக்கா. ஓரி சாமான்ல, ஒரிஜினல்ல, இந்த எழுத்து ஆழமா இருக்கும். இது மேலாப்புல இருக்கு. பெட்டியில வந்தது ஓரிதான், நானே ஒடைச்சுப் பாத்தேன். இப்ப மோட்டர்ல இருக்கிறது டூப்ளிகேட். நடுவுல யாரு கை பட்டுச்சு?"

நடுவில் பட்டது ஒரே ஒருவருடைய கை. வருகிற தை மாதம் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவருடைய கை.

இன்னொருத்தியாக இருந்தால் அங்கேயே தம்பியின் வாயை அடைத்திருப்பாள். என்னால் முடியவில்லை. ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் எனக்கு வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருக்கிற கையுறைதான் பெரும்பாலும் கசியும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. அந்தப் புத்தியை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குள் வர எனக்குத் தெரியாது.

"படத்த எந்த வெளிச்சத்துல எடுத்த?" என்று கேட்டேன்.

"நீயும் அந்த ஆளுக்கு சப்போர்ட்டா?" என்றான்.

அடுப்படியில் அம்மா தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தம்பியின் மோட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கப்சாய் என்று எல்லாரும் சொல்கிற சின்ன மோட்டர்தான். பாசாருக்குக் கீரை ஏற்றுகிறவர் வைத்திருப்பதும் அதுதான், பள்ளிவாசலுக்குப் போகிற பெரியவர் வைத்திருப்பதும் அதுதான். ஆனால் என் தம்பிக்கு அது கடையில் இருந்து வந்தபடியே இருந்தால் பொறுக்காது. முதலில் எக்ஸோஸ் குழாயை மாற்றினான். சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. பிறகு பின் சக்கரத்துப் பல்சக்கரம், பிறகு எஞ்சினுக்குள் பெரிய பிளாக், பிறகு கேம், கடைசியாக இந்த வாய் அகலமான கார்புரேட்டர். ஒவ்வொரு பெட்டியாகத் தபாலில் வர வர அம்மா, "வாங்குன மோட்டர்ல இன்னும் என்னதான்டா மிச்சம் இருக்கு?" என்று கேட்பார். அவன் சிரிப்பான். அப்பா இல்லாத வீடு. அவன் சிரித்தால் நாங்களும் சிரித்துவிடுவோம்.

அந்தச் சாமான்களையெல்லாம் மாட்டிக் கொடுத்தவர்தான் நான் கட்டிக்கொள்ள இருந்தவர். ஈப்போவை ஒட்டிய லகாட்டில் பழைய கடைவரிசை ஒன்றில் அவருக்கு ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். தம்பியை அழைத்துவரப் போன இடத்தில்தான் அவரை முதலில் பார்த்தேன். தம்பி ஆசைப்பட்ட அகல டயரைக் காட்டி, "இது வேணாம் தம்பி, வேஸ்ட்டு. மோட்டர் இழுக்காது" என்றார். சாமான் விற்கிறவனே வேண்டாம் என்கிறானே, என்ன கணக்கு இது என்று எனக்கு உடனே சந்தேகம். வரிசையாகக் கேள்வி கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற ஆண்பிள்ளையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அதனால்தான் பின்னால் அவர் வீட்டிலிருந்து வந்து கேட்டபோது சரி என்றேன்.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. புதுச் சாமான் வந்த பெட்டியிலேயே கழற்றிய பழைய சாமானைப் போட்டு, வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். ஒரு நட்டு மாற்றினாலும் பழைய நட்டு கைக்கு வந்துவிடும். "கழட்டுனது இது, மாட்டுனது அது, நீங்களே பாத்துக்குங்க" என்பார். எங்கள் தொழிற்சாலையில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

கார்புரேட்டர் மாட்டிய பிறகு கொஞ்ச நாள் மோட்டர் பறந்தது. அப்புறம் கோளாறு ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. நீளமான ரோட்டில் முழுசாக முறுக்கினால் மட்டும் மூச்சுத் திணறி அப்படியே அமுங்கிவிடும். முறுக்கை விட்டால் மறுபடி சரியாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கூட்டாளிகளோடு பாகான் டத்தோவுக்கு மீன் சாப்பிடப் போனான். அங்கே ரோடு தட்டையாக, தென்னைக்கும், எண்ணெய் எடுக்கிற செம்பனைக்கும் நடுவில் நேராகப் போகும். யாருக்கும் முறுக்கத்தான் தோன்றும். செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரியை முந்தப் போயிருக்கிறான். பாதி தாண்டும்போது எஞ்சின் அமுங்கிவிட்டது. எதிரில் கார். லோரிக்காரர் பிரேக் போட்டு இடம் விட்டதால் பிழைத்தான். வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமல் போர்ச்சில் உட்கார்ந்திருந்தான். நானும் அம்மாவும் கேட்டுக் கேட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது. அம்மா அவன் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றி, முகத்தையும் கழுத்தையும் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் விளக்கேற்றினார்.

அதற்கு அடுத்த நாள்தான் இந்தப் படம், இந்தத் தோசை, இந்தப் பேச்சு. தம்பி சும்மா கோபப்படவில்லை. தன் உயிரோடு யாரோ விளையாடிவிட்டதாக அவன் நம்பினான். அந்த யாரோ எனக்குத் தாலி கட்டப் போகிறவர்.

நான் நேரே லகாட்டுக்குப் போய்க் கேட்டேன். சுற்றி வளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"கார்புரேட்டர மாத்துனீங்களா?"

"இல்ல."

"அப்ப ஏன் லோரியத் தாண்டுறப்ப மோட்டர் அமுங்குச்சு? ப்ளக்கு கரியாட்டம் இருக்குன்னு அவன் சொல்றான்."

"பெட்ரோல் அதிகம், காத்து கம்மி. அதான் கறுப்பாவுது. ஏன்னு பாத்தாத்தான் தெரியும். மோட்டரக் கொண்டா."

முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குப் பாதி மனசு அடங்கியது. மறுபாதி, பொய் சொல்கிறவனும் முகத்தைப் பார்த்துத்தானே சொல்வான் என்றது.

தம்பி கொண்டு போக மாட்டேன் என்றுவிட்டான். சனிக்கிழமை காலை நானே ஓட்டிக்கொண்டு போனேன். லகாட் ரோட்டில் ஆள் இல்லாத இடம் பார்த்து முறுக்கினேன். அவன் சொன்னது உண்மைதான். சீறிக்கொண்டு போன மோட்டர் திடீரென்று யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் அமுங்கியது. ஓரமாக நிறுத்திவிட்டேன். லோரிக்குப் பக்கத்தில் இது நடந்திருக்கிறது என்று நினைத்தபோது, எவன் செய்திருந்தாலும் அவனை விடக் கூடாது என்று தோன்றியது.

அவரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "நீ எதுக்க போயி டீ குடிச்சிட்டு வா" என்றார். எதிரே ஒரு மாமாக் கடை, இந்திய முஸ்லிம்கள் நடத்துகிற சாப்பாட்டுக் கடை. ஒர்க்‌ஷாப் தெரிகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போதும் வாசலில் வைத்துத்தான் வேலை செய்வார். அன்று கொஞ்ச நேரம் வாசலில் குனிந்து முன் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிமிர்ந்து நான் இருக்கும் பக்கம் பார்த்தார். பிறகு மோட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார். தே தாரிக் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனேன். அதற்குள் கவசத்தை மாட்டி முடித்திருந்தார்.

"முடிஞ்சிருச்சு. ஓட்டிப் பாரு."

"என்னா இருந்துச்சு?"

"காத்துப் பொட்டியில குப்பை. சுத்தம் பண்ணிட்டேன்."

"என்னா குப்பை?"

"குப்பைதான்லா."

"காட்டுங்க."

"தூக்கிப் போட்டேன்."

இந்த முறை என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைத்துவிட்ட ஸ்குரூடிரைவரை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். பழைய நட்டைக்கூடக் கையில் கொடுத்து அனுப்புகிற மனிதர் குப்பையைக் காட்ட மாட்டேன் என்கிறார். நான் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். எண்ணெய்த் துணியும் ஒரு பிய்ந்த கையுறையும்தான் கிடந்தன.

மோட்டர் வீடு வரைக்கும் பறந்தது. முறுக்க முறுக்கப் போய்க்கொண்டே இருந்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு அடியில், காலையில் இருந்த கோளாறு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் எப்படி மாயமானது என்ற கேள்வி குத்திக்கொண்டே வந்தது.

தம்பி எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். வரும்போது முகத்தில் இருந்த மலர்ச்சி, மோட்டரை நிறுத்துவதற்குள் மாறிவிட்டது.

"பாத்தியா? ஓரிய திருப்பி மாட்டிட்டான்."

கைப்பேசியை எடுத்து மறுபடி படம் பிடித்தான். இப்போது அந்த எழுத்துகள் அவனுக்கு ஆழமாகத் தெரிந்தன. "அன்னிக்கு சாயங்காலம் எடுத்த, இன்னிக்கு மத்தியானம் எடுக்கிற. வெயில் வேற" என்று நான் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. பழுதானால் திருடன், பழுது பார்த்தாலும் திருடன் என்று ஆகிவிட்டது. எனக்கும் அதை மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. கையில் அந்தக் குப்பை இருந்திருந்தால் மேசைமேல் போட்டிருப்பேன்.

"அந்த ஆளு கால நான் கழுவ மாட்டேன்க்கா" என்றான்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வருவது பெண்ணின் தம்பி. அப்பா இல்லாத வீட்டில் அது இன்னும் பெரிய விஷயம். தம்பி அந்த இடத்தில் நிற்காவிட்டால், ஏன் நிற்கவில்லை என்று மண்டபத்தில் ஒவ்வொரு வரிசையும் கேட்கும். அப்புறம் அது கல்யாணமாகவே இருக்காது. இந்த விஷயத்தில் அம்மா முதல் முறையாக வாயைத் திறந்தார். "அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குல்ல? என்னா செஞ்சாருன்னு அந்தத் தம்பி வாயத் தொறந்து சொன்னா என்னா?"

அதைத்தான் நானும் போய்க் கேட்டேன். தம்பி சொன்னதை, அம்மா சொன்னதை, எதையும் குறைக்காமல் சொன்னேன்.

"குப்பைன்னு சொன்னேன்ல" என்றார்.

"அது பதிலா? எங்க வீட்ல உங்களத் திருடன்றாங்க."

"நான் எடுக்கல. அது உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியாது. நீங்க சொன்னாத்தான் தெரியும்."

அவர் ஒரு பழைய செயினை மண்ணெண்ணெயில் போட்டு அலசிக்கொண்டிருந்தார். நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைக் கழற்றி அவருடைய சாமான் பெட்டிமேல் வைத்தேன். எதையாவது சொல்லட்டும் என்றுதான் வைத்தேன். அவர் மோதிரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி" என்றார். அந்த ஒரு சொல்லுக்காக அன்று அவரை எவ்வளவு வெறுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.

வீட்டில் மோதிரம் இல்லாத விரலை அம்மா கவனித்தார். தம்பி கவனித்துவிட்டு, எனக்குப் பிடித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து மேசைமேல் வைத்தான். அதைத் தொடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

அதற்கடுத்த வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், வேலை முடிந்து வந்தபோது போர்ச்சில் அம்மா மோட்டருக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் தையல் மெஷினுக்கு வைத்திருக்கிற ஸ்குரூடிரைவர். முன் கவசத்துக்குப் பின்னால் இருக்கிற காற்றுப் பெட்டியின் மூடி திறந்து கிடந்தது. காற்றை வடிகட்டி கார்புரேட்டருக்கு அனுப்புகிற பெட்டி அது. அம்மா உள்ளே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பொட்டிய யாரு தொறந்தா?" என்று என்னைக் கேட்டார்.

"ஏம்மா?"

அம்மா தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தணித்துச் சொன்னார். சுங்காய்ப் பக்கம் அவர் முன்பு ரப்பர் பால் வெட்டிய தோட்டத்துக்குப் போயிருக்கிறார். கித்தா மரமெல்லாம் போய்ச் செம்பனை ஆகிவிட்டாலும் முனியாண்டி கோயில் அங்கேயேதான் இருக்கிறது. தம்பி இப்படி மோட்டரை முறுக்குகிறானே என்று பயந்து, திருநீறும் தகடும் வைத்து மந்திரித்து வாங்கி வந்திருக்கிறார். முதலில் கைப்பிடியில் கயிறாகக் கட்டியதை, மோட்டர் அழகு கெட்டுப் போகிறது என்று தம்பி அறுத்துவிட்டான். அதனால் இரண்டாவது முறை அவன் கண்ணில் படாத இடமாகத் தேடியிருக்கிறார். தம்பி அந்தப் பெட்டியைத் திறந்து கழுவுவதைப் பார்த்திருக்கிறார். மூடி இருக்கிறது, மழை படாது, வேகம் வரட்டும் என்று வடிகட்டியை அவன் கழற்றிவிட்டதால் உள்ளே காலியாக வேறு இருக்கிறது. மஞ்சள் துணியில் முடிந்து உள்ளே வைத்து, ஸ்குரூவை முறுக்கி மூடிவிட்டார்.

"அன்னிக்கு அந்த லோரிக்கிட்டருந்து பிள்ளையக் காப்பாத்துனதே அதான்" என்றார் அம்மா. "இப்பக் காணோம். எவனோ எடுத்துட்டான்."

லகாட்டில் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்ரோல் அதிகம், காற்று கம்மி. முழுசாக முறுக்கும்போது மட்டும் அந்தத் துணி காற்றோடு இழுபட்டுப் போய்க் கார்புரேட்டரின் வாயை அடைத்திருக்கிறது. முறுக்கை விட்டதும் விழுந்திருக்கிறது. லோரிக்குப் பக்கத்தில் என் தம்பியின் கழுத்தைப் பிடித்தது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காப்பாற்றியது என்று அம்மா கும்பிடுவதும் அதையேதான்.

"தெரியலம்மா" என்றேன். ஸ்குரூடிரைவரை அவர் கையிலிருந்து வாங்கி மூடியை நானே மாட்டினேன். வேறு எதையும் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

லகாட்டில் ஒர்க்‌ஷாப் சுவரில் ஒரு சாமி மாடம் இருக்கிறது. முருகன் படம், ஒரு சிவப்பு விளக்கு, ஊதுபத்தி. இத்தனை நாள் போய்வந்தும் நான் அதை உற்றுப் பார்த்ததில்லை. அன்று உள்ளே போனதும் அதைத்தான் பார்த்தேன். படத்துக்குக் கீழே பெட்ரோல் கறை படிந்த ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. பக்கத்தில் என் மோதிரம். சாமி துணியைக் குப்பையில் போட எந்தத் தமிழனுக்குக் கை வரும்? நான் தேடிய தொட்டிதான் தவறு.

துணியை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பொத்தான் துளையும், பள்ளிச் சின்னம் தைத்திருந்த நூல் தடமும் இருந்தன. தம்பியின் பழைய பள்ளிச் சட்டையைக் கிழித்து மஞ்சளில் நனைத்திருக்கிறார் அம்மா.

"தெரிஞ்சிருச்சா?" என்றார் அவர்.

"ஏன் சொல்லல?"

"என்னான்னு சொல்றது? அத்த, உங்க பிள்ளையக் காப்பாத்த வச்சீங்களே, அதுதான் அவன லோரிக்குப் பக்கத்துல நிப்பாட்டுச்சுன்னா? அதுக்கப்புறம் அவங்க தூங்குவாங்களா?"

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. மோதிரத்தக் கழட்டி வச்சப்பகூடவா வாய் வரல?"

"உங்கிட்ட சொன்னா நீ நேரா வீட்டுக்குப் போயி கேப்ப. கேக்காம இருக்க உனக்கு வராது."

அவர் சொன்னது நிஜம். நிஜமாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. "நல்ல மனசுதான் உங்களுக்கு. ஆனா நான் நிக்க வச்சுக் கேட்டப்ப, கல்லு மாதிரி நின்னு பொய் சொன்னீங்க. நாளைக்கு வேற எதுக்கு இப்படி நிப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினேன். மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"தெரியாதுதான்" என்றார் அவர். அதற்குமேல் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். மோதிரத்தை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன். துணியையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

தம்பியைத் தொழிற்சாலைக் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னேன். வீட்டில் வைத்துப் பேசுகிற விஷயம் இல்லை. முதலில் நம்பவில்லை. "நல்லா கதை கட்டுறான்" என்றான். துணியைக் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பொத்தான் துளைக்குள் விரலை விட்டான். பள்ளிச் சின்னம் இருந்த இடத்தைத் தடவினான். பெட்ரோல் வாசம் வந்ததா என்று மோந்தும் பார்த்தான். அப்புறம் மோட்டரின் சீட்டில் கையை ஊன்றி நின்றான்.

"அம்மாவுக்குத் தெரியக் கூடாது" என்றான்.

"அப்ப அவரப் பத்தி அம்மாட்ட என்னா சொல்லுவ?"

"பெட்ரோல்ல தண்ணி கலந்துருச்சுன்னு சொல்றேன். என் தப்புன்னு சொல்றேன்."

அப்படியே சொன்னான். அம்மா கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தப் பழைய துணியைத் தம்பியே ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஆற்றில் விட்டான். வீட்டில் வைத்திருந்தால் அம்மா கையில் கிடைத்துவிடும் என்று பயம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மண்டபத்து வாசலில் தம்பி செம்போடு குந்தினான். சாதாரணமாக இரண்டு கை தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இவன் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்துவிட்டான். குதிகாலில், நகத்தோரத்தில் இருந்த கறுப்பு எண்ணெயைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தான். நாதஸ்வரக்காரர் ஊதி முடித்துவிட்டுக் காத்திருந்தார். "போதும் மச்சான், அது போவாது" என்று மாப்பிள்ளை குனிந்து சொன்னது எனக்குக் கேட்டது. தம்பி தலையைத் தூக்கவில்லை. அவன் அழுகிறான் என்று எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அக்கா போகிறாளே என்று அழுகிறான் என மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுவீட்டு விருந்துக்குப் போனபோது அவரும் தம்பியும் போர்ச்சில் மோட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பல்சக்கரத்தை இன்னும் சின்னதாக்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா என்னை உள் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அலமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்தார். புதுத் துணி. திருநீறு வாசம் அடித்தது.

"கல்யாண வேல முடிஞ்சதும் தோட்டத்துக்குப் போயி வாங்கியாந்தேன். எனக்கு முட்டி வலி, குந்த முடியல. நீதான் வைக்கணும். உன் வீட்டுக்காரர் கண்ணுல படாம வையி."

"ஏம்மா அவரு கண்ணுல படக் கூடாது?"

"மொத வச்சத எடுத்தது அவருதான். எனக்குத் தெரியும்."

நான் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

"மண்டபத்துலயே கேட்டுப்புட்டேன். மாப்பிள்ள, மோட்டர்ல ஏதாச்சும் பாத்தீங்களான்னு. இல்ல அத்தன்னாரு. என் மூஞ்சியப் பாக்காம சொன்னாரு. தங்கமான பிள்ளதான், நான் குத்தம் சொல்லல. ஆனா ஒரு தாய் மந்திரிச்சு வச்சத எடுத்துத் தூரப் போட்ட ஆளு. நீ கொஞ்சம் பாத்து நடந்துக்க."

அவர் எடுக்காமல் இருந்திருந்தால் உங்கள் பிள்ளை இப்போது போர்ச்சில் உட்கார்ந்திருக்க மாட்டான் என்று தொண்டை வரை வந்தது. சொல்லியிருந்தால் என் கணவருக்கு அந்த வீட்டில் நல்ல பெயர் கிடைத்திருக்கும். அம்மாவுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அவர் அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு முறையும் அம்மா ஓரக்கண்ணால் பார்க்கப் போகிறார், அவரும் அதைத் தெரிந்துகொண்டே சாப்பிடப் போகிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. புதுப்பெண் அழுகிறாள் என்று அம்மா என் கன்னத்தைத் துடைத்தார்.

"அதே பொட்டிக்குள்ள வையி, என்னா? அங்கதான் மழ படாது. வேற எங்கயாச்சும் வச்சிட்டு வச்சேன்னு சொல்லாத. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

துணியை வாங்கிக் கைப்பைக்குள் போட்டேன். அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"அங்கதாம்மா வைப்பேன்" என்றேன்.

அம்மா நம்பிவிட்டார்.